புனல் இல்லாத துப்பாக்கி

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கள் தோட்டத்துப் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த தங்கராஜுவைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு வந்துவிட்டதாக நேற்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இனியும் பேசாமலிருந்தால் பேசுவதற்கு ஆள் இருக்கமாட்டான். ஆகவே போலீஸ் மேலதிகாரிகளான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பெயர்: அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வயது: ஐம்பத்திரண்டு. விலாசம்: புக்கிட் ஜெரிங் தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தை அஞ்சல், கோலசிலாங்கூர் மாவட்டம், மலாயா. தொழில்: மேற்படி ரப்பர்த் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. கல்வி: கிள்ளான் மிஷன் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். ஆங்கிலத்தில் எழுதத் தெரியும். ஆனாலும் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் கேட்டவை எல்லாம் தமிழில் பேசப்பட்டவை. மொழிபெயர்க்க உங்களிடம் ஆள் உண்டு. அந்த ஆள் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி டெஸ்மண்டாக இருக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

டெஸ்மண்ட்மீது எனக்குப் பகை உண்டு. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கிராணி வேலை எனக்கு வரவேண்டியது. ஜப்பான்காரன் காலத்திலும் அலுவலகச் சாவியை வைத்துக் காப்பாற்றியவன் நான். துரை திரும்பி வந்ததும், ஏழாம் வகுப்புப் படித்த டெஸ்மண்டை வேறு தோட்டத்திலிருந்து வரவழைத்து என் தலைக்கு மேல் உட்கார வைத்தார். துரைசானி பியானோ வாசிக்கும்போது தாள் புரட்டிவிட அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இந்தப் பகை என் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் கீழே எழுதுவது பகை வருவதற்கு முன்பே நடந்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

சம்பவம் நடந்தது சென்ற ஆண்டு, 1951, மழை பிடித்துக்கொண்ட மாதத்தில். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் தாக்காதபடி எங்கள் தோட்டத்துக்குக் காவலாக ஸ்பெஷல் காண்ஸ்டபிள்கள் இருந்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். தமிழர்களில் ராஃபேல் ஒருவன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையை விட்டுவிட்டுக் காக்கி போட்டுக்கொண்டவன். அவர்களுக்குக் கொடுத்திருந்தவை குட்டையான ரைபிள்கள். முனையில் புனல்போல விரிந்த ஓர் இரும்புக் குழல் பொருத்தியிருக்கும். சுடும்போது எழும் நெருப்பு, சுடுபவன் கண்ணைக் கூசவைக்காமலும் எதிரி கண்ணில் படாமலும் இருப்பதற்காக. குறி பார்க்கும் முள்ளும் அந்தக் குழலின்மேல்தான் இருக்கும். எங்கள் ஆட்கள் அதைப் புனல் என்றே சொல்வார்கள்.

மழைநாளில் புனல் வழியாகத் தண்ணீர் இறங்கித் துப்பாக்கிக் குழாய் துருப்பிடித்தது. அதற்கு டெஸ்மண்ட் ஒரு வழி கண்டுபிடித்தான். மரத்தின் வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை மெல்லிய தோலாக இழுத்துப் புனலின் வாயில் மூடி, ஓரத்தில் கொஞ்சம் ரப்பர்ப் பால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். உறுமி மேளத்தின் தோல்போல நிற்கும். புனலின் வாய் அகலம், குழாயின் வாய் அதற்கு உள்ளே தள்ளி இருக்கிறது. ஆகவே சுட்டால் குண்டு தோலைக் கிழித்துக்கொண்டு போய்விடும், ஒரு கெடுதலும் இல்லை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல யோசனைதான். துரை அதைப் பெரிய போலீஸ் அதிகாரியிடம் காட்டிப் பாராட்டு வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் டெஸ்மண்ட் நின்று, எல்லா ரைபிளுக்கும் பால் மூடி போட்ட பிறகே காண்ஸ்டபிள்களை வெளியே விடுவான். மாலைவரை யாரும் மூடியை எடுக்கக் கூடாது என்பது அவன் உத்தரவு.

அதன் பிறகு ஒருநாள் ராஃபேல் வந்த லோரி, செம்மண் சாலையில் சறுக்கி வாய்க்காலில் சாய்ந்தது. ஆட்களுக்கு அடியில்லை. ராஃபேலின் ரைபிள் மட்டும் பலகைக்கடியில் சிக்கிப் புனலின் வாய் ஒரு பக்கமாக நசுங்கிவிட்டது. அப்படியே சுட்டால் குண்டு புனலில் உரசும். போலீஸ் ஆயுதப் பட்டறைக்கு அனுப்பினால் திரும்பிவர நாளாகும் என்று துரை சொல்லி, நசுங்கியதைக் கழற்றி வைக்கும்படி தோட்டத்துப் பட்டறைக்கு அனுப்பினார். உத்தரவுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பிட்டர் தங்கராஜு வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். ராஃபேலும் நின்றான்.

தங்கராஜு அடக்கமான ஆள் இல்லை. வேலையைவிட வாய் பெரிது என்று துரையே சொல்வார். அன்றும் பேசிக்கொண்டேதான் செய்தான். முதலில் ராஃபேலைக் கொண்டே தோட்டாப் பெட்டியையும், தோட்டாவைத் தள்ளி அடைக்கும் பூட்டுக்கட்டையையும் கழற்றச் சொல்லி, இரண்டையும் ஜன்னல் கட்டையில் வைத்தான். பின்பக்கத்திலிருந்து குழாய்க்குள் வெளிச்சம் பார்த்தான். ரப்பர்க் கட்டையில் பள்ளம் குடைந்து, பழைய தோல் வைத்து, அதற்கு நடுவில் குழாயை வைஸ் இடுக்கியில் பிடித்தான். இரும்பில் இரும்பு படவே இல்லை. புனலைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகளிலும் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து விட்டான். விட்டுவிட்டு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று கையைத் துடைத்தான்.

ராஃபேல், "என்னாண்ணே, ஓங்கி ஒண்ணு போட்டா வந்துரும்லா?" என்று கேட்டான்.

"ஓங்கி ஒண்ணு ஒன் மண்டையில போடுறேன், அறிவு வருதான்னு பாப்போம். இது கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போன பொண்டாட்டி மாதிரிடா. இழுத்தா வரமாட்டா. கொஞ்சம் எண்ண, கொஞ்சம் சூடு, அப்புறம் தானா வருவா."

"வீட்டுல நல்லம்மாக்கா காதுல இது விழட்டும், ஒனக்கு எண்ணயும் கெடையாது, சூடுதான் கெடைக்கும்."

நான் சிரித்தேன். எழுதி வைக்கிறேன்: நாங்கள் மூவரும் சிரித்தோம்.

மறுநாள் காலை, ஆணியைவிடச் சற்று மெலிதாக அவனே கடைந்த பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி, இரண்டு ஆணிகளையும் வெளியே எடுத்தான். அதன் பிறகு கொதிக்கும் தண்ணீரில் நனைத்த சாக்கைப் புனலின்மேல் மட்டும் சுற்றினான். நெருப்பைக் காட்டவில்லை. காட்டினால் குழாயின் பதம் போய்விடும் என்றான். சாக்கை எடுத்துவிட்டுக் கையால் பிடித்து, இலேசாக அசைத்து, நேராக இழுத்தான். புனல் வந்துவிட்டது. சுத்தியல் குழாயில் படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எண்ணெய்ப் பஞ்சைப் பின்பக்கத்திலிருந்து முனைவரை தள்ளினான். எங்கும் தடைபடவில்லை. வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னான். உள்ளே வரிகள் முறுக்கிக்கொண்டு சுத்தமாக ஓடின. அதன் பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, குழாயின் வெறும் முனையில் வட்டமாக ஓட்டினான்.

"பிசிறு தட்டுதா கிராணியாரே?"

தட்டவில்லை என்று சொன்னேன். தட்டவில்லை. அந்த விளிம்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. சில நாட்களில் சோறு பிசையும்போது கையை எடுத்துவிடுகிறேன்.

அதன் பிறகு தங்கராஜு பட்டறையில் கிடந்த சிவப்புத் துணியொன்றைக் கிழித்து விசைக் காப்பில் கட்டினான். "ராஃபேலு, இதுல குறிமுள்ளு இல்ல. முனையும் அம்மணமா இருக்கு. புதுப் புனல் வர்றவரைக்கும் இது சொவத்துல தொங்கட்டும். வேற துப்பாக்கி கேளு. எவனாவது தூக்கச் சொன்னா எங்கிட்ட அனுப்பு" என்றான். நசுங்கிய புனலை ராஃபேல் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் மெழுகுவர்த்தி நிறுத்த ஆகும் என்று சொன்னான்.

மறுநாள் காலை பெரிய போலீஸ் அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. எல்லாக் காண்ஸ்டபிள்களும் கையில் துப்பாக்கியோடு நிற்கவேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். ராஃபேல் வெறுங்கையோடு நிற்பதை டெஸ்மண்ட் பார்த்தான். சுவரில் தொங்கிய ரைபிளை எடுத்துவரச் சொன்னான். சிவப்புத் துணியை அவிழ்த்தான். அந்தத் துணியால் தன் சைக்கிள் மணியைத் துடைத்தான். தங்கராஜுவும் பெரட்டுக் களத்தில்தான் நின்றான். அவன் வரிசையை விட்டு முன்னால் வந்து, "கிராணி, அதுல பால் வேலை வேணாம். புனல் இருந்தப்ப தோலு வெளியில நின்னுச்சு. இப்ப பாலு குழாக்குள்ள எறங்கி ஒறஞ்சு தக்கையா நிக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

டெஸ்மண்ட், "நீ இரும்புக்கு வைத்தியம் பாரு. பாலுக்கு நான் பாத்துக்கறேன். சங்கம் நடத்துன வாயி இன்னும் அடங்கலயா?" என்றான். தங்கராஜு முன்பு தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் நடத்தியவன். சிலர் சிரித்தார்கள்.

நானும் டெஸ்மண்டின் அருகில் போய், தங்கராஜு சொல்வது சரி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உன் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொள் என்று பதில் சொன்னான்.

வெறும் முனைக்கு ஒட்டுப்பால் தோல் பெரிதாக இருந்தது. நிற்கவில்லை, நழுவியது. ஆகவே டெஸ்மண்ட் பால் பிடிக்கும் மங்கிலிருந்து பாலையே முனையில் சொட்டவிட்டு, சீக்கிரம் உறைவதற்கு ஒரு துளி ஆசிட்டும் விடச் சொன்னான். ராஃபேல் துப்பாக்கியை நீட்டத் தயங்கினான். "உள்ள போகுதுலா கிராணி" என்றான். துரையின் கார் களத்துக்குள் திரும்பியது. "துரை பாக்குறாரு, நீட்டு" என்று டெஸ்மண்ட் சொன்னான். ராஃபேல் நீட்டினான்.

பார்வையிட வந்தவர் எல்லா மூடிகளையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். வேறு துப்பாக்கி வாங்கித் தரும்படி ராஃபேல் மலாய் சார்ஜண்டிடம் கேட்டது எனக்குத் தெரியும். அன்று இல்லை, நாளைக்கு என்று பதில் வந்ததும் தெரியும்.

அன்று முற்பகல், காட்டோரத்து மரங்களைப் பயங்கரவாதிகள் வெட்டிப் பாழாக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. வெட்டுப்பட்ட மரங்களைப் பார்த்துக் குறித்துவர என்னையும், காவலுக்கு ராஃபேலோடு இரண்டு மலாய்க் காண்ஸ்டபிள்களையும் அனுப்பினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெட்டியவர்கள் இன்னும் போகவில்லை. மரப்பட்டையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. ஒருவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். இளவயது, தொப்பி இல்லை. ராஃபேல் முழங்காலிட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். முள் இல்லாததால் தலையைச் சாய்த்துக் குழாயை ஒட்டிப் பார்த்தான். சுட்டான்.

நான் அதுவரை எத்தனையோ தடவை துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறேன். இது அந்தச் சத்தம் இல்லை. முனை கிழிந்து ஒரு துண்டு பின்னால் பறந்து ராஃபேலின் தொண்டையில் பாய்ந்தது. வெட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குண்டும் வரவில்லை. மலாய்க்காரர்கள் இருவரையும் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

நான் ராஃபேலிடம் போனபோது எனக்கு முதலில் தெரிந்தது வாசனை. வெடிமருந்து வாசனைக்கு மேலாக, புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் தீப்பிடித்தால் வருமே, அந்தக் கருகல். கிழிந்த குழாயின் உள்வரிகளில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் வந்தது.

லோரியில் அவன் தலையை என் மடியில் வைத்துக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே, டவுனுக்கு முன்னால் உயிர் போயிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். 'தங்கராஜு' என்று கடைசியாகச் சொன்னதாக டெஸ்மண்ட் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். டெஸ்மண்ட் லோரியில் இல்லை. தொண்டையில் அந்தக் காயத்தோடு எவனும் எந்தப் பெயரையும் சொல்ல முடியாது.

அதன் பிறகு இரண்டு நாளில் போலீசுக்குக் கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. பிட்டர் தங்கராஜு சங்கத்துக்காரன், காட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியவன், புனலைக் கழற்றும் சாக்கில் குழாயை அடித்து விரிசல் உண்டாக்கினான் என்று அதில் இருந்ததாம். எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தார். யாரைக் கூப்பிடுவது என்று டெஸ்மண்டிடம் கேட்டார். என்னை அன்று சுங்கை புரோங் என்ற ஊருக்கு அரிசி பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது தங்கராஜுவின் கையில் விலங்கு போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்து, "கிராணியாரே, பிசிறு இல்லன்னு சொல்லுங்க" என்றான். வண்டி போய்விட்டது.

நான் சொல்லப் போனேன். கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்கு நானே பஸ் ஏறிப் போனேன். மேசையில் இருந்தவர், தோட்ட அலுவலக ஆட்களின் வாக்குமூலம் தோட்ட நிர்வாகத்தின் வழியாக, அதன் முத்திரையான சாப் குத்தி வரவேண்டும் என்றார். சாப் டெஸ்மண்டின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவனிடம் கேட்டேன். "ஒங்களுக்கு ரிட்டையர்மெண்ட் பக்கத்துல வந்திருச்சு சார். எதுக்கு வம்பு?" என்று கேட்டுவிட்டு, இழுப்பறையைப் பூட்டினான்.

இப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடப்பதையும் எழுதுகிறேன். தங்கராஜுவின் மனைவி நல்லம்மாள் தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். அந்தக் குழாயே அவள் புருஷன் சங்கத்தில் இருந்தபோது துரையிடம் சண்டை போட்டு வாங்கியது. எல்லோரும் போன பிறகு அவள் வந்து தண்ணீர் பிடிக்கிறாள். ராஃபேலின் மனைவி யூஜினியா ஒருநாள் அவள் குடத்தை எட்டி உதைத்தாள். நல்லம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் யூஜினியா வீட்டுக்குப் போனேன். அந்தோணியார் படத்துக்கு முன்னால் அந்தப் புனல் கவிழாமல் நிற்க ஒரு சிரட்டையில் பொருத்தி வைத்திருந்தாள். நசுங்கிய வாயில் மெழுகுவர்த்தி கோணலாக நின்று எரிந்தது. புனலைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். லோரி நசுக்கிய இடத்தைத் தவிர எங்கும் ஓர் அடி இல்லை. ஆணித்துளைகள் இரண்டும் வட்டம் கெடாமல் இருந்தன. சுத்தியலால் அடித்துக் கழற்றியது அப்படி இருக்காது. இதை அவளிடம் சொன்னேன். குழாயைத் தங்கராஜு கெடுக்கவில்லை, பால் உறைந்துதான் வெடித்தது என்று சொன்னேன்.

அவள் புனலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அந்த ஆளு பண்ணலன்னா, எம்புருஷன் எதுக்குச் செத்தாரு? ரெண்டு சொட்டுப் பாலுக்கா? எம்பிள்ளைங்க கேட்டா நான் அதையா சொல்லுவேன்? போங்க கிராணி" என்றாள். மெழுகுவர்த்தியைத் திரும்ப நிறுத்தினாள். அது கோணலாகவே நின்றது. அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. ஆனால் என் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து அந்த வெளிச்சம் தெரிகிறது. அவள் அதை அணைப்பதே இல்லை.

கேட்டுக்கொள்வது இதுதான். கிழிந்த ரைபிள் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதைத் துடைக்காமல் வைத்திருந்தால், முனையின் உள்வரியைக் கத்தி நுனியால் சுரண்டி, சுரண்டியதை நெருப்பில் காட்டிப் பாருங்கள். விரிசல் விட்ட குழாயில் ரப்பர் வாசனை வராது. தோட்டத்துப் பிள்ளைகள் எவரைக் கூப்பிட்டாலும் என்ன வாசனை என்று சொல்வார்கள். யூஜினியா வீட்டுப் புனலையும் பாருங்கள். போர்ட் சுவெட்டன்ஹமில் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் பாருங்கள். தங்கராஜுவைக் கைக்குழந்தையாக இங்கே தூக்கி வந்தார்கள். அங்கே அவனை அழைத்துப்போக ஒருவரும் வரமாட்டார்கள்.

மேலே கண்டவற்றில் நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும், பிறர் சொல்லி அறிந்ததை அப்படி அறிந்தேன் என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன். கூட்டியதும் குறைத்ததும் இல்லை. எழுதியதை நானே ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை எடுத்து வைத்து யோசித்தேன். போட்டால் இது என் வாக்குமூலம் ஆகிவிடும். சாப் கேட்பார்கள். தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். டெஸ்மண்ட் அதைப் பிரித்துப் படித்து, அந்த ஆளுக்கு என்மேல் பொறாமை என்று ஒரு வரி எழுதிவிடுவான். அந்த வரியும் பொய்யில்லை. அதன் பிறகு ரைபிளை யாரும் சுரண்டிப் பார்க்க மாட்டார்கள். தங்கராஜுவைப் பிடித்துக்கொண்டு போன காகிதத்தில் கையெழுத்து இல்லை. சாப் இல்லை. அதை வந்தவுடனே நம்பினார்கள்.

இதைப் படித்ததும் எழுதியவன் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரியட்டும். என் பெயர் வேண்டுமானால் முதலில் அந்தக் குழாயை முகர்ந்து பாருங்கள், அதன் பிறகு ஆளனுப்புங்கள், வந்து சொல்கிறேன். பேனாவை மூடிவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் கோலசிலாங்கூர் போய், இதை இப்படியே, கையெழுத்தில்லாமல், தபால் பெட்டியில் போடப் போகிறேன்.